விருதும் களரியும் கட்டடமும்: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் சிறிய கட்டடக்கலை அலுவலகம் ஒன்றை நடத்தி வருகிறோம். வீட்டுக்குப் பிளான் கீறக் கேட்டு வருபவர்கள் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் வேறு பல விசயங்களும் கதைப்பார்கள். விருது எடுத்திருக்கிறீர்களா, கூத்துக்காரரோடு உங்களுக்கு என்ன வேலை, வாசலில் எங்கள் ஊர்ச் சின்னமான மீன்மகளின் சிலை வைத்துத் தருவீர்களா என்று கேள்விகள் வரும். திரும்பத் திரும்ப வருகிறவற்றை இங்கே சேர்த்திருக்கிறோம். கட்டணம், ஆவணம் பற்றியவை கடைசியில் இருக்கின்றன. அவசரக்காரர் நேரே அங்கே போகலாம்.

உங்கள் சுவரில் ஒரு விருதையும் காணவில்லையே?

எடுக்கவில்லை, அதனால் தொங்கவில்லை. விருது மேல் எங்களுக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. கிடைத்தால் வாங்குவோம், படம் எடுத்து முகநூலிலும் போடுவோம். ஆனால் விருதுக்கு விண்ணப்பிப்பது கட்டடம் கட்டுவதிலிருந்து வேறான ஒரு வேலை. நல்ல புகைப்படக்காரர் வேண்டும். வரைபடங்களைத் திரும்பவும் அழகாகக் கீற வேண்டும். என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று ஆங்கிலத்தில் கட்டுரை மாதிரி எழுத வேண்டும். சில போட்டிகளுக்கு நுழைவுக் கட்டணமும் உண்டு. இரண்டு மேசையும் ஒரு பிரிண்டரும் உள்ள அலுவலகத்தில் அந்த வேலை எப்போதும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போகும்.

இலங்கையில் கட்டடங்களுக்கு அப்படி என்ன விருதுகள் இருக்கின்றன?

முதலில் சொல்ல வேண்டியது இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவகம் கொடுக்கும் விருதுகளை. 1957இல் தொடங்கிய அமைப்பு அது. தொழில் செய்கிறவர்களின் சொந்த அமைப்பு. கட்டடங்களுக்கான விருதுகளோடு, ஒருவரின் வாழ்நாள் வேலைக்காகத் தங்கப் பதக்கமும் கொடுக்கிறது. இலங்கையில் நவீன கட்டடக்கலையைத் தொடக்கி வைத்தவர்களில் ஒருவரான மினெட் டி சில்வாவுக்கு அந்தப் பதக்கம் 1996இல்தான் கிடைத்தது. 1998இல் அவர் காலமாகிவிட்டார். விருதுகள் நடக்கும் வேகம் சில நேரம் இப்படித்தான்.

இலங்கையின் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் அறக்கட்டளை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கொடுக்கும் பாவா விருது இன்னொன்று.

வெளிநாட்டு விருதுகளில் எங்கள் பக்கத்துக்கு மிகவும் பொருந்துவது ஆகா கான் விருது. 1977இல் நிறுவப்பட்டது, மூன்று ஆண்டுக்கு ஒரு சுற்று, பரிசுத் தொகை பத்து இலட்சம் அமெரிக்க டொலர். முஸ்லிம்கள் கணிசமாக வாழும் சமூகங்களுக்குப் பயன்படும் கட்டடங்களை அது பார்க்கிறது. காத்தான்குடியும் ஏறாவூரும் சாய்ந்தமருதும் மருதமுனையும் இருக்கும் கரை இது என்பதால் எங்கள் கட்டடங்களுக்கும் அதில் இடமுண்டு. பாவாவுக்கு 2001இல் அந்த விருதுக் குழுவின் தலைவர் விருது, அதாவது வாழ்நாள் பணிக்கான சிறப்பு விருது, கிடைத்தது. 2004 சுனாமிக்குப் பிறகு கிரிந்தையில் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் சிகெரு பான் கட்டிய வீடுகள் 2013 சுற்றின் குறும்பட்டியலுக்கு வந்தன.

இந்த விருதில் எங்களுக்குப் பிடித்த இரண்டு விசயங்கள் உண்டு. கட்டடம் பாவனைக்கு வந்து குறைந்தது ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். குறும்பட்டியலுக்கு வந்தால் ஆளை நேரில் அனுப்பிப் பார்ப்பார்கள். மற்றது, பரிசை அறிவிக்கும்போது கட்டடக் கலைஞரோடு நிற்காமல் கட்டியவர், கைவினைஞர், பொறியியலாளர், வேலை கொடுத்தவர் என்று முக்கிய பங்கெடுத்தவர்களையும் கணக்கில் எடுப்பார்கள். மேசனின் பெயரும் வரக்கூடிய ஒரு பெரிய விருது என்றால் சும்மாவா?

சீமெந்துக் கம்பனியான ஹோல்சிம் சார்ந்த அறக்கட்டளையின் விருது வேறு மாதிரி. அது கட்டி முடியாத திட்டங்களுக்கும் போகும். 2015இல் அதன் உலக அளவிலான வெள்ளி விருது அம்பேபுஸ்ஸவில் கட்டப்பட்ட ஒரு நூலகத்துக்குக் கிடைத்தது. போர் முடிந்து திரும்பிய படையினருக்குக் கட்டட வேலை பழக்கி, அவர்கள் கையாலேயே கட்டுவித்த நூலகம் அது. படம் அழகாக இருந்ததால் மட்டும் வந்த விருதல்ல. ஒரு கட்டடத்தைக் கட்டிக்கொண்டே ஆட்களுக்குத் தொழில் கொடுத்தார்கள் என்பதும் அங்கே எடைபோடப்பட்டது.

மட்டக்களப்பில் உள்ள கட்டடம் ஏதாவது அந்த அளவுக்குப் போயிருக்கிறதா?

போயிருக்கிறது. எங்கள் ஆட்களில் பலருக்கே தெரியாது என்பதுதான் வேடிக்கை. மட்டக்களப்பு மாவட்டத்தின் பரங்கியாமடுவில் உள்ள லங்கா லேர்னிங் சென்ரர் 2022ஆம் ஆண்டு ஆகா கான் விருதின் குறும்பட்டியலுக்கு வந்தது. அந்தச் சுற்றுக்கு 463 திட்டங்கள் முன்மொழியப்பட்டு, அவற்றில் 20 மட்டுமே குறும்பட்டியலுக்கு எடுக்கப்பட்டன. கடைசியில் 6 கட்டடங்கள் பரிசைப் பகிர்ந்துகொண்டன. பரங்கியாமடு அந்த 6க்குள் வரவில்லை. வராவிட்டால் என்ன, உலகத்தில் 20 என்பது சின்னக் காரியமா?

அது ஹோட்டலோ பணக்கார வீடோ அல்ல என்பதையும் கவனியுங்கள். ஊர் ஆட்களுக்குப் பல தொழில்கள் பழக்குகிற ஒரு கைத்தொழிற் பள்ளியும் கலாசார நிலையமும் சேர்ந்தது. வடிவமைத்தவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்த இளம் கட்டடக் கலைஞர் குழு ஒன்று. இதைச் சொன்னதும் "வெள்ளைக்காரர் செய்தால்தான் விருது" என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. தொழில் பழக்கும் இடத்தையே நல்ல கட்டடமாகக் கட்டலாம் என்ற யோசனை ஏன் எங்கள் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு வரவில்லை என்பதுதான் எங்கள் கேள்வி. அங்கெல்லாம் நீட்டுக்கு ஒரு மண்டபம், தகரக் கூரை, உள்ளே போனால் வேர்வை.

விருது எடுத்த கட்டடக் கலைஞரைப் பிடித்தால் வீடு நல்லதாக வருமா?

வரலாம். ஆனால் விருதுப் படங்களைப் பார்க்கிறபோது ஒரு விசயத்தைக் கவனியுங்கள்: அநேகமானவற்றில் ஆட்களே இருக்க மாட்டார்கள். உடுப்புக் காயப்போடும் கொடி இருக்காது, செருப்பு இருக்காது, தண்ணித் தாங்கி இருக்காது. குடிபுகுவதற்கு முன் எடுத்த படம். ஒருவரைத் தெரிவு செய்யுமுன் அவர் கட்டி ஐந்தாறு மாரி கண்ட வீடு ஒன்றைப் போய்ப் பாருங்கள். வீட்டுக்கார அம்மாவிடம் எங்கே ஒழுகுகிறது, கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் எந்த அறையில் படுக்கிறீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை எந்த நடுவர் குழுவும் எழுதாது. எங்களைப் பற்றி விசாரிக்கவும் அதே வழிதான்.

கட்டடக் கலைஞருக்கும் கூத்துக்கும் என்ன சம்பந்தம்?

இந்தப் பக்கத்தையே எழுத வைத்த கேள்வி இதுதான், அதனால் பதில் நீளம்.

மட்டக்களப்புக் கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு பாணி; எதுவானாலும் அது களரிக்கு உரியது. களரி என்றால் வட்டமான ஆடுகளம். வெட்டையில் மண்ணைச் சற்று உயர்த்திப் போட்டு இறுக்கி, சுற்றிவரக் கால் நட்டு, மேலே வெள்ளை கட்டி ஆயத்தப்படுத்துவார்கள். கூத்தைப் பழக்குகிற அண்ணாவியாரும் மத்தளமும் சல்லாரியும் பிற்பாட்டுக்காரரும் களரிக்குள்ளேயே நிற்பார்கள். கூத்தர் அவர்களைச் சுற்றி ஆடுவார்கள். சனம் நாலா பக்கமும் பாயில் குந்தியிருக்கும். முன்பக்கம், பின்பக்கம் என்று ஒன்று அங்கே இல்லை. ஒரு ராசா வரவு கொடுக்கிறபோது வடக்கே இருக்கிற கிழவிக்கும் தெற்கே இருக்கிற பொடியனுக்கும் தன்னைக் காட்டித்தான் தீர வேண்டும். ஆட்டத்தில் வட்டமும் எட்டு வடிவமும் ஏன் இவ்வளவு வருகின்றன என்று களரியைப் பார்த்தால் விளங்கும்.

இப்போது அதே கூத்தை ஒரு பாடசாலை மண்டபத்துக்குள் கொண்டு போங்கள். நாலடி உயர மேடை, பின்னால் சுவர், இரண்டு பக்கமும் சின்னக் கதவு, முன்னால் சிவப்புத் திரை. வட்டம் அரைவட்டமாகி, பிறகு ஒரே கோடாகிவிடும். மத்தளம் மூலைக்குப் போகும், அதற்கு முன்னால் மைக் வரும். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொண்டு வந்தார். அது யோசித்துச் செய்த வேலை. ஒவ்வோர் அசைவையும் அந்த மேடைக்கென்று திரும்ப அமைத்தார்கள். படித்தவர்கள் கூத்தைத் திரும்பிப் பார்த்தது அதன் பிறகுதான். ஆனால் அதற்குப் பின் வந்த மண்டபங்கள் யோசித்துக் கட்டியவை அல்ல. ஒரே பிளானை ஊர் ஊராகப் பிரதி எடுத்தார்கள்.

கிட்டப் போய்ப் பார்த்தால் இன்னும் சில விசயங்கள் தெரியும். ஒன்று, கதவு. வடமோடிக் கூத்தரின் கரப்புடுப்பு இடுப்பிலிருந்து அகலமாக விரிந்து நிற்கும். உடுப்பு மாற்றும் அறைக்கு இரண்டரை அடிக் கதவு போட்டிருந்தால் துரியோதனன் பக்கவாட்டில் திரும்பி, உடுப்பை ஒரு கையால் அமத்திக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். சபைக்கு வருமுன்னே மானம் போய்விடும். நாலடி வேண்டும், படியும் இருக்கக் கூடாது.

அடுத்தது நிலம். சட்டம், அதாவது பாட்டுப் பிரதி, கொடுத்த நாளிலிருந்து கிழமைக்கூத்து, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என்ற படிகளைத் தாண்டி அரங்கேற்றம் வரை மாதக்கணக்கில் வெறுங்காலால் மிதித்து ஆடுவார்கள். மண் கொஞ்சம் இடம் கொடுக்கும். சீமெந்து கொடுக்காது, அடி திரும்ப முழங்காலுக்கே வரும். மாபிள் பதித்தால் வேர்வைக்கு வழுக்கலும் சேரும். புதுக் கலாசார மண்டபங்களின் மேடைக்குப் பளபளப்பான மாபிள் போடுகிறவர்கள் அதில் ஆடிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பிறகு சத்தம். நாலு பக்கமும் வழுவழுப்பான சுவர், மேலே தகரம் என்றால் மத்தள அடி ஒன்று முடியுமுன் அதன் எதிரொலி வந்து அடுத்த அடியில் விழும். அண்ணாவியார் சொல்லும் தாளக்கட்டு குழம்பிப் போகும். ஒலிபெருக்கியைக் கூட்டினால் குழப்பமும் கூடும். திறந்த களரியில் இந்தப் பிரச்சினை இல்லை, ஏனென்றால் திருப்பி அனுப்பச் சுவரில்லை. மண்டபம்தான் வேண்டுமென்றால் பக்கச் சுவர்களை ஓட்டைக்கல்லால் திறந்து விடலாம், பின்சுவரில் பன்புல்லில் இழைக்கிற பன்பாய் மாதிரிக் கரடான ஏதாவது மாட்டலாம். செலவு பெரிதில்லை.

இதையெல்லாம் அண்ணாவிமாரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். "தம்பி, மண்டபம் கட்டுறவங்க எங்களிட்டக் கேக்கிறதில்ல, திறப்பு விழாவுக்கு ஆடத்தான் கூப்பிடுறாங்க" என்று ஒருவர் சொன்னார். பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.

எங்கள் ஊருக்கு நிரந்தரக் களரி ஒன்று கட்டித் தருவீர்களா?

பிளான் தருவோம். ஆனால் முதலில் நிரந்தரம் உண்மையில் வேண்டுமா என்று ஊரில் கதையுங்கள். களரி போடுவதே ஊர் கூடிச் செய்கிற காரியம். அதைக் கொங்கிறீற்றில் ஊற்றிவிட்டால் அந்தக் கூடல் போய்விடும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதிலும் நியாயம் உண்டு.

வேண்டுமென்று முடிவானால் எங்கள் முறை இது. விட்டம் எவ்வளவு என்று நாங்கள் சொல்ல மாட்டோம். கயிறும் குச்சியும் கொண்டு வெட்டையில் வட்டம் கீறி, கூத்தரை உடுப்போடு ஆடவிட்டு, அண்ணாவியார் "போதும்" என்று சொல்கிற அளவை எடுப்போம். நிலத்தை மண்ணாகவே விடுவோம். வயற்களியும் மணலும் கலந்து இறுக்கி, விழாவுக்கு முன் சாணம் மெழுகிக்கொள்ளலாம். எங்கள் கரையில் நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால் மாரியில் வட்டம் ஊறிப் போகாமல் சுற்றிவரச் சின்ன வாய்க்கால் அவசியம். கால்களைக் கழற்றி மாட்டக்கூடிய விதமாக நிலத்தில் குழாய் பதித்து வைப்போம். கூரை போடச் சொல்லிப் பலர் கேட்பார்கள். நாங்கள் பெரும்பாலும் வேண்டாம் என்போம். கூத்துக்குரிய காலம் மழைக்காலம் அல்ல. நிழல் வேண்டுமென்றால் சுற்றிவர வேம்பு நடுங்கள்.

ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும். வட்டத்தில் வசந்தனும் கும்மியும் ஆடலாம். முஸ்லிம் ஊர்களின் கோல் ஆட்டமான பொல்லடிக்கும் அதே வட்டம்தான் வேண்டும். இரண்டு ஊர் எல்லையில் உள்ள பொதுக்காணி என்றால் இரண்டு பக்கத்து அண்ணாவிமாரையும் ஒன்றாக இருத்திக் கதைக்கலாம். அப்படி ஒரு வேலை வந்தால் வரைபடத்துக்குக் காசு எடுக்க மாட்டோம்.

கலைஞரோடு சேர்ந்து கட்டுவது புது மோஸ்தரா?

புதிதல்ல. மினெட் டி சில்வா கண்டியில் கட்டி 1951இல் முடித்த கருணாரத்ன வீட்டில் கண்டிப் பக்கத்துப் பாரம்பரியத் தும்பறை நெசவைக் கதவுப் பலகைகளுக்குள் பொருத்தினார், சுடுமண் ஓடுகளில் உருவம் பதித்தார், ஜோர்ஜ் கீற்றின் சுவரோவியத்தையும் சேர்த்தார். பாவாவின் பென்தோட்டை பீச் ஹோட்டலில் வரவேற்பு மண்டபத்தின் கூரையடி முழுவதும் ஏனா டி சில்வாவின் பத்திக், அதாவது மெழுகு பூசிச் சாயமிட்ட துணி. கந்தளமை ஹோட்டல் படிக்கட்டில் பறக்கிற பெரிய ஆந்தைச் சிற்பம் லக்கி சேனநாயக்கவினது. இந்தக் கட்டடங்களிலிருந்து கலைஞரின் வேலையைக் கழற்றிவிட்டால் பாதிக் கட்டடம் போய்விடும்.

அந்தக் கைகள் எல்லாம் தெற்கிலும் கண்டியிலும் இருந்தவை. எங்கள் பக்கத்துக் கைகள் அப்படி ஒரு பெரிய கட்டடத்துக்குள் போகவில்லை. மருதமுனையில் தறி இருக்கிறது. பன்பாய் இழைக்கிற பெண்கள் இருக்கிறார்கள். கோயில்களுக்கு வாகனம் செய்கிற, தேர்ச் சிற்பம் செதுக்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்திலிருந்து காண்பியக் கலை படித்தவர்கள் ஒவ்வொரு வருடமும் வெளியே வருகிறார்கள். பாசிக்குடாவில் சுற்றுலா விடுதி விடுதியாக எழும்பியது, ஆனால் உள்ளே தொங்குகிற படங்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டுப் பாருங்கள்.

பன்பாய், கைத்தறி எல்லாம் எங்கள் வெக்கைக்கும் உப்புக் காற்றுக்கும் நிற்குமா?

இடத்தைப் பார்த்துப் பாவித்தால் நிற்கும். பன்பாயைக் கூரையடிக்குப் போட்டால் ஓட்டின் சூடு நேரே தலையில் இறங்காது, அறையின் சத்தமும் அடங்கும். ஆனால் ஓட்டில் ஒழுக்கு இருந்தால் முதல் மாரியிலேயே பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே பாயை ஆணியடித்து இறுக்காமல், கழற்றக்கூடிய சட்டங்களில் மாட்டுவோம். சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருள் அது என்று வீட்டுக்காரருக்கு முதலிலேயே சொல்லிவிடுவோம். மாற்றும்போது திரும்பவும் அதே பெண்களுக்கு வேலை கிடைக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

கைத்தறித் துணியைக் கடல் பக்க யன்னலுக்குப் போட வேண்டாம். வெயிலில் சாயம் போய்விடும். உள்மறைப்புக்கு, விறாந்தைக் கதிரைக்கு, கதவுச் சட்டத்துக்குள் பொருத்த நல்லது.

கலைஞருக்கு யார் காசு கொடுப்பது?

கட்டடத்துக்குக் காசு கொடுக்கிறவர்தான். கேள்வி வருவதற்குக் காரணம், எங்கள் ஊரில் கலைஞர் என்றால் சும்மா செய்வார் என்ற எண்ணம். குழாய் பூட்டுகிறவருக்குப் பைப் கணக்கில் காசு, வயரிங் செய்கிறவருக்குப் பொயின்ற் கணக்கில் காசு, சுவரில் சிற்பம் செய்தவருக்குப் பொன்னாடை. போர்த்தி, படம் எடுத்து, ஒரு நினைவுச் சின்னமும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அவர் அதைக் கொண்டுபோய்க் கடையில் அரிசி வாங்க முடியாது.

எங்கள் வழி இது: பி.ஓ.கியூ. என்று எல்லோரும் சொல்கிற அளவுப்பட்டியலில் அந்த வேலையும் ஒரு வரியாக வரும். அளவு, பொருட்செலவு, கூலி எல்லாம் மற்ற வேலைகளைப் போலவே எழுதப்படும். பாதி முன்பணம்.

ஒரு தந்திரமும் சொல்கிறோம். "அலங்கார வேலை" என்று தனித் தலைப்புப் போட்டு எழுதாதீர்கள். கம்பி விலை ஏறியதும் ஒப்பந்தக்காரரும் வீட்டுக்காரரும் சேர்ந்து முதலில் வெட்டுவது அந்தத் தலைப்பைத்தான். அதையே "முன்கதவு, நெசவுப் பலகை பொருத்தியது" என்று எழுதினால் வெட்ட முடியாது. வீட்டுக்குக் கதவு வேண்டுமே. கலைவேலை கட்டடத்தின் உறுப்பாக இருந்தால்தான் தப்பும். கடைசியில் மிஞ்சுகிற காசில் வாங்கி மாட்டுகிற படமாக இருந்தால் காசு மிஞ்சப் போவதில்லை.

ஒரு கட்டடத்தைப் பார்த்து "உள்ளூர்க் கலைக்கு ஆதரவளித்தது" என்று யாராவது சொன்னால் நாங்கள் முதலில் கேட்பது அந்தப் பட்டியலைத்தான். அதில் கலைஞரின் வரி இருக்கிறதா, எவ்வளவு? மற்றதெல்லாம் திறப்பு விழாப் பேச்சு.

விருதுக்கு அனுப்பினால் கலைஞரின் பெயரும் போகுமா?

போகும். மேசன், ஓடாவியார், பாய் இழைத்தவர் என்று எல்லாருடைய பெயரும், அவர்கள் சம்மதித்தால். சில விண்ணப்பப் படிவங்களில் கட்டடக் கலைஞர், பொறியியலாளர், ஒப்பந்தக்காரர் என்று மூன்று கட்டம்தான் இருக்கும். நாலாவதை விவரக் கட்டுரைக்குள் எழுதுவோம்.

எங்கள் வீட்டைப் படம் எடுத்து அனுப்ப எனக்கு விருப்பமில்லை என்றால்?

அனுப்ப மாட்டோம், அவ்வளவுதான். மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கக் கட்டுகிற வீட்டை ஊர் பேர் தெரியாதவர்கள் பார்ப்பது பலருக்குப் பிடிக்காது. ஒப்பந்தத்திலேயே இதற்கு ஒரு வரி இருக்கிறது, கையெழுத்துப் போடுமுன் வாசியுங்கள்.

கலை, அழகு எல்லாம் சரி. சூறாவளி வந்தால் கூரை நிற்குமா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் 1978 நவம்பர் 23ஐக் கண்டவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள். அந்த இரவில் மட்டக்களப்பில் கூரை போகாத தெருவே இல்லை என்பார்கள். எந்த விருதையும் விட அந்தக் கேள்விக்கு நாங்கள் கூடப் பயப்படுகிறோம்.

முக்கோணச் சுவர் நிமிர்ந்து நிற்கிற கூரையை விட, நாலு பக்கமும் சரிந்த கூரைக்குக் காற்று குறைவாகப் பிடிக்கும். இறவாணம் மழைக்கு நல்லது, ஆனால் மிக நீளமாக விட்டால் காற்று கீழே புகுந்து தூக்கும். விறாந்தைக் கூரையைப் பெரிய கூரையோடு ஒன்றாக ஓட விடாமல் தனியாக, கொஞ்சம் கீழே போடுவோம். அது போனாலும் வீட்டுக் கூரை மிஞ்சும். கைமரத்தை வளையில் கட்டினால் மட்டும் போதாது. வளையைச் சுவரோடும், சுவரின் உச்சியில் ஓடும் கொங்கிறீற் பட்டியைத் தூணோடும் கம்பியால் கட்டி அத்திவாரம் வரை இறக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டாலும் மற்றவற்றால் பயனில்லை. மேசன் பாஸ் "இவ்வளவு கம்பி தேவையில்லை ஐயா" என்று சொன்னால் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு எங்களுக்குப் போன் எடுங்கள்.

வாசலில் மீன்மகள் சிலை வைத்துத் தருவீர்களா?

தருவோம். ஆனால் பாடும் மீன், மீன்மகள், யாழ் மூன்றும் மட்டக்களப்பில் வளைவு, பெயர்ப்பலகை, ரவுண்டபவுட் என்று ஏற்கனவே போதுமான அளவு இருக்கின்றன என்பது எங்கள் அபிப்பிராயம். அந்தக் காசுக்கு ஒரு சிற்பியிடம் படலைக்கு அல்லது தூணுக்கு வேறு ஏதாவது செய்யச் சொல்லிப் பார்க்கலாமே. முடிவு உங்களுடையது.

கூத்து அரங்கேற்றத்துக்கு உங்களிடம் அன்பளிப்புக் கேட்டு வரலாமா?

வரலாம். காசாகக் கொடுப்பது கொஞ்சம்தான். களரி அடித்தல், வெளிச்சம், வயர் ஓட்டம், சனம் இருக்கிற இடத்தில் தண்ணி தேங்காமல் பார்த்தல் ஆகியவற்றுக்கு ஆளாக வருவோம். வெளிச்சம் பற்றி ஒரு சொல்: ரியூப் லைட்டைக் கால்களில் கண் உயரத்துக்குக் கட்டினால் எதிர்ப்பக்கம் இருப்பவருக்குக் கூத்தரின் முகம் கறுத்துத் தெரியும். உயர்த்திக் கட்டி, வட்டத்தின் நடுவுக்குச் சரித்து விடுங்கள். மேடையில் எங்கள் பெயரைச் சொல்ல வேண்டாம். நோட்டீசில் கீழே சின்னதாகப் போட்டால் போதும்.

நான் கல்லடி நிறுவகத்தில் காண்பியக் கலை படிக்கிறேன். உங்களிடம் வேலை கிடைக்குமா?

மாதச் சம்பள வேலை இப்போது இல்லை. கட்டடத்துக்குக் கட்டடம் வேலை வரும். பட்டச் சான்றிதழை விட நீங்கள் செய்த ஒரு பொருளைக் கொண்டு வாருங்கள், மழையில் நனைந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. என்ன விலைக்குச் செய்வீர்கள், எத்தனை நாள் எடுக்கும் என்று சொல்லவும் பழகிக்கொண்டு வாருங்கள். காசு கதைக்கக் கூச்சப்படுகிற கலைஞரைத்தான் எல்லாரும் பொன்னாடையோடு அனுப்பிவிடுகிறார்கள்.

கட்டணம் எப்படி?

சிறிய வீட்டுக்குச் சதுர அடிக் கணக்கில், பெரிய வேலைக்கு மொத்தச் செலவின் வீதத்தில். கோயில், பள்ளிவாசல், பாடசாலை, வாசிகசாலை என்றால் நேரில் கதைத்துத் தீர்மானிப்போம். மாநகர சபை அல்லது பிரதேச சபைக்குக் கட்டும் கட்டணம் இதில் சேராது.

முதல் முறை வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

காணி உறுதியின் பிரதி, நில அளவைப் படம், வீதிப் பக்கத்திலிருந்து போனில் எடுத்த இரண்டு மூன்று படங்கள். மாரியில் வளவுக்குள் தண்ணி எதுவரை நின்றது என்று தெரிந்த வீட்டு ஆள் ஒருவரையும் கூட்டி வாருங்கள். களரி விசயமாக வருகிற ஊரவர் அண்ணாவியாரோடு வந்தால் ஒரே தரத்தில் வேலை முடியும். சனிக்கிழமை மத்தியானம் வரை இருப்போம், ஞாயிறும் போயா (முழுநிலா விடுமுறை) நாளும் பூட்டு.